இடது சீட்டில் கொட்டிய ரசம்

தண்டபாணியின் கழுத்துவலி நிஜம்தான் என்று எலும்பு டாக்டர் போனில் சொன்னபோது ரகுநாதனுக்கு ஆயாசமாக இருந்தது. பொய்யாக இருந்திருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் கேஸை முடித்திருக்கலாம்.

இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்த காலத்தில் அவர் பார்த்த கழுத்துப் பட்டைகளுக்குக் கணக்கே இல்லை. கைது என்றதும் சிலருக்கு நெஞ்சு வலிக்கும், சிலருக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும். ஸ்டேஷன் வாசலைத் தாண்டியதும் பட்டை ஸ்கூட்டர் ஹேண்டிலில் தொங்கும். அந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு செகந்திராபாத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்ட பிறகும், பட்டைகள் அவரை விடுவதாக இல்லை.

"நிஜமான வலியா சார்?" என்றாள் உதவியாளர் ஜுலைகா. "நம்ம ஊர்ல ஒருத்தர் நிஜமாவே பட்டை போட்டிருக்காரா? போட்டோ எடுத்து ஆபீஸ்ல மாட்டிடலாம்."

"மாட்டு. முதல்ல காரைப் பார்ப்போம்."

கார், மல்லாபூரில் விபத்து வண்டிகளைப் போலீஸ் நிறுத்தி வைக்கும் காலி மனையில் நின்றது. கேட்டருகே தண்டபாணியின் மகள் சௌம்யா காத்திருந்தாள். ஐ.டி. கம்பெனி அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட நேரமில்லாமல் வந்திருந்தாள். காலையில் மாடியேறி வந்து இந்தக் கேஸைக் கொடுத்தவள் அவள்தான்.

கேஸ் என்று பெரிதாக எதுவும் இல்லை. போன வாரம் ஒரு காலை நேரம், ஷிஃப்டுக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஃபெலிக்ஸ் என்ற தொழிற்சாலைத் தொழிலாளியைத் தண்டபாணியின் கார் இடித்துத் தள்ளியது. கார் சடாரென்று நின்றதால் பின்னால் வந்த பால் வேன் அதன் முதுகில் மோதியது. இது வேன் டிரைவர் சொன்னது. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரிடையரான தண்டபாணியும் இதையேதான் வாக்குமூலமாகக் கொடுத்திருந்தார். காரில் கூட இருந்தது அவர் மனைவி வசந்தி மட்டும். தலையில் அடிபட்ட ஃபெலிக்ஸ் இன்னும் கண் திறக்கவில்லை. கழுத்தைப் பார்த்து இரக்கப்பட்ட எஸ்.ஐ., கைதை இன்று சாயங்காலம் வரை தள்ளிப் போட்டிருந்தார்.

"இடிச்சவரும் ஒரே கதை சொல்றாரு, பின்னால மோதின வேன்காரனும் அதே கதை சொல்றான்," என்றார் ரகுநாதன். "இதுல நான் என்னத்தைத் துப்பறியறது?"

"அப்பா அப்படி ஓட்டற ஆளே இல்ல அங்கிள்," என்றாள் சௌம்யா. "தூரத்துல ஒரு ஸ்பீட் ப்ரேக்கர் தெரிஞ்சாலே ஹாரன் அடிப்பாரு."

"ஸ்பீட் ப்ரேக்கர் நகர்ந்துக்கும்னா?" என்றாள் ஜுலைகா.

சௌம்யா சிரிக்க முயன்றாள். வரவில்லை.

ரகுநாதன் காரைச் சுற்றி வந்தார். முழங்கால் இரண்டும் முனகின. காரின் பின்பக்கம் நன்றாக நசுங்கி, டிக்கி வாயை இறுக மூடிக்கொண்டிருந்தது. முன்பக்கத்தில் பம்பர் லேசாக உள்ளே போயிருந்தது, நம்பர் பிளேட் வளைந்திருந்தது. இத்தனை சின்ன அடிக்கு ஒரு மனிதன் நினைவு தப்பிக் கிடக்கிறான் என்பதை ஜுலைகாவால் நம்ப முடியவில்லை.

"கார் போட்ட அடி இல்லை அது. ரோடு போட்ட அடி," என்றார் ரகுநாதன். "விழுந்ததும் மண்டை தரையில பட்டு நின்னுடும். உள்ளே இருக்கிற மூளை நிக்காது. அது போய் மண்டையோட்டுல முட்டிக்கும். வெளியில ஒரு பிளாஸ்திரி அளவுக்குத்தான் காயம் தெரியும்."

அவர் இடப்பக்கக் கதவைத் திறந்தார். உள்ளே அடைந்து கிடந்த காற்று வெளியே வந்தது. ஜுலைகா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"யா அல்லா! என்ன சார் இது? பூண்டா?"

"ரசம்," என்றாள் சௌம்யா. "கிட்டு மாமாக்கு டெங்கு. இங்க பக்கத்துல நர்சிங் ஹோம்ல இருந்தாரு. அவருக்கு அம்மா தூக்குல ரசம் எடுத்துட்டுப் போனாங்க."

இடது சீட்டின் முதுகில் இரண்டு ஓரமும் மஞ்சளாகத் தெறித்திருந்தது. நடுவில் மட்டும் ஓர் ஆள் அகலத்துக்குச் சுத்தமாக இருந்தது. டாஷ்போர்டில் தூசி படிந்திருந்தது. ரகுநாதன் அதில் விரலை இழுத்துப் பார்த்துவிட்டு, பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். பிறகு சீட்டின் மேல்முனையைத் தடவினார். அங்கே இரண்டு ஓட்டைகள் மட்டும் இருந்தன.

"இந்த சீட்டோட ஹெட்ரெஸ்ட் எங்கேம்மா?"

"டிக்கில கிடக்கும் அங்கிள். பிள்ளையார் சதுர்த்திக்கு தூல்பேட்லேர்ந்து பிள்ளையாரை இதுலதான் படுக்க வெச்சுக் கூட்டிட்டு வந்தோம். அதைக் கழட்டினாதான் சீட் ஃபுல்லா சாயும். அப்புறம் யாரும் திருப்பி மாட்டல."

"பிள்ளையாரைக் கரைச்சாச்சா?"

"ஹவ், கரைச்சாச்சு. ஆனா ஹெட்ரெஸ்ட் டிக்கிலயே இருக்கு."

ரகுநாதன் வண்டியின் மேல் சாய்ந்துகொண்டார். களைப்பு போன மாதிரி தெரியவில்லை. ஆனால் கண்கள் மட்டும் அந்த இரண்டு ஓட்டைகளை விட்டு நகரவில்லை.

"பின்னாலேர்ந்து ஒரு வண்டி இடிச்சா நம்ம கார் முன்னால பாயும். சீட் நம்ம முதுகைத் தள்ளிக்கிட்டுப் போகும். தலையைத் தள்ள ஆள் இல்லை. அது இருந்த இடத்துலயே நிக்கப் பார்க்கும். உடம்பு போயாச்சு, தலை வரமாட்டேங்குது. நடுவுல கிடந்து இழுபடறது கழுத்து."

"எங்க அண்ணன் மாதிரி," என்றாள் ஜுலைகா. "இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் பொண்டாட்டி."

"அந்தத் தலையையும் சேர்த்துத் தள்ளிக்கிட்டுப் போகத்தான் ஹெட்ரெஸ்ட் வெச்சிருக்கான். சாய்ஞ்சு தூங்கறதுக்குன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. டிரைவர் சீட்ல அது இருக்கு. இங்கே இல்லை. சௌம்யா, உங்க அம்மாவுக்குக் கழுத்து எப்படி இருக்கு?"

"அம்மாக்கு ஒண்ணுமில்ல அங்கிள். ஒரு கீறல்கூட..." அவள் பேச்சு பாதியில் நின்றது.

ஜுலைகா அதற்குள் வலப்பக்கக் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டிருந்தாள். கார் வாங்கி இரண்டு தீபாவளி போன பிறகும் டிரைவர் சீட்டின் ஹெட்ரெஸ்ட்டில் ஷோரூம் பிளாஸ்டிக் உறை பத்திரமாக இருந்தது. அந்த உறையில் எதிரும் புதிருமாக இரண்டு வரிசை ஓட்டைகள். ஜுலைகா தன் கொண்டையிலிருந்து பெரிய பல் க்ளிப்பை எடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்தாள். பல்லுக்குப் பல் பொருந்தியது.

"உங்கப்பாக்கு முடி எப்படி, சௌம்யா?"

"அப்பாக்கு... வழுக்கை."

"அப்ப க்ளிப்பை எங்க மாட்டுவாரு?"

சௌம்யா பக்கத்தில் கிடந்த பழைய டயரில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவளே சொன்னாள். அம்மாவுக்கு டிரைவிங் கற்றுக் கொடுத்ததே அவள்தான். போன வருஷம் லைசன்ஸும் எடுத்தாயிற்று. அப்பா பக்கத்தில் இருந்தால் மட்டும் ஸ்டீரிங் அம்மா கைக்கு வராது. ஆனால் விபத்துக்கு முந்தின ராத்திரி முழுக்க அப்பா நர்சிங் ஹோமில் கிட்டு மாமாவுக்குக் காவல் இருந்துவிட்டு வந்தார்.

"தூக்கமில்லாம கண்ணு எரியற ஆளுகிட்டேர்ந்து உங்க அம்மா ஸ்டீரிங்கை வாங்கியிருப்பாங்க," என்றார் ரகுநாதன். "இடிச்சதும் இவர் இடத்தை மாத்திக்கிட்டாரு."

"அங்கிள், நான் அப்பாவைக் காப்பாத்தச் சொல்லித்தான் வந்தேன்." சௌம்யா டயரிலிருந்து எழுந்தாள். "அம்மாவை மாட்டிவிடச் சொல்லல. ப்ளீஸ், இதோட விட்டுடுங்க."

ரகுநாதனுக்கு அந்த நிமிஷம் தன் தொழிலின் மேலேயே வெறுப்பாக இருந்தது. ஒருத்தரை வெளியே இழுத்து அந்த இடத்தில் இன்னொருத்தரை உட்கார வைப்பதற்கு ஒரு ஆபீஸ், ஒரு பெயர்ப் பலகை.

"வீட்டுக்குப் போ. நாங்க பின்னாலயே வர்றோம்," என்றார்.

* * *

தண்டபாணியின் வீடு இருந்த மெட்டுகூடாவுக்கு ஆட்டோ பிடித்தார்கள். ஏறுமுன் ஜுலைகா இரண்டு பேப்பர் கப்பில் டீ வாங்கிக்கொண்டாள். ஹப்சிகூடா சிக்னலில் ஆட்டோ நின்றபோது ரகுநாதனின் டீ அப்படியே இருந்தது.

"என்ன சார், போலீஸ்கிட்ட சொல்லணுமா?"

"சொல்லாம விட்டா அந்த மனுஷன் உள்ளே போவாரு. சொன்னா அந்த அம்மா போவாங்க. எது உனக்குப் பிடிச்சிருக்கு?"

"ரெண்டும் நக்கோ சார், வேணவே வேணாம்."

சிக்னல் விழுந்தது. ஆட்டோக்காரர் பந்தயத்துக்குப் புறப்படுகிறவர் வேகத்தில் கிளப்பினார். ரகுநாதன் கையிலிருந்த டீ முழுவதும் அவருடைய வெள்ளைச் சட்டைமேல் வந்து விழுந்தது.

"அரே! கைக்கு பாய் இத்தனா ஜல்தி? என்ன அவசரம்?" என்று ஆட்டோக்காரரிடம் பாய்ந்தாள் ஜுலைகா. பிறகு கைக்குட்டையை நீட்டினாள். "துடைங்க சார். சுட்டுடுச்சா?"

ரகுநாதன் துடைக்கவில்லை. சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜுலைகா, நின்னுட்டிருந்த ஆட்டோ திடீர்னு கிளம்பினா டீ எங்கே வருது?"

"உங்க நெஞ்சு மேல. அதான் பார்க்கிறோமே."

"ஓடற ஆட்டோ திடீர்னு ப்ரேக் போட்டா?"

"பாய் முதுகு மேல. நம்மளை இங்கேயே இறக்கி விட்டுடுவாரு."

"டாஷ்போர்டுல விரலை இழுத்தேனே, என்ன இருந்துச்சு?"

"வெறும் தூசி." ஜுலைகா வாயைத் திறந்து, திறந்தபடியே வைத்திருந்தாள்.

"இடிச்ச இடத்துக்கு எதிர்ல லாரி எடை போடற வே-பிரிட்ஜ் ஒண்ணு இருக்கு. வர்றப்ப பார்த்தேன். கேமரா இல்லாம எந்த வே-பிரிட்ஜும் நடத்த மாட்டான். போன் பண்ணு."

"அதை போலீஸ் வாங்கியிருக்க மாட்டாங்களா சார்?"

"நான்தான் செஞ்சேன்னு ஒருத்தர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அப்புறம் யாரும்மா கேமராவைத் தேடிக்கிட்டு அலையறது?"

* * *

ரயில்வே காலனிக்குப் பக்கத்துச் சந்தில் சின்ன வீடு. தண்டபாணி பிரம்பு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் நாற்காலியோடு திரும்ப வேண்டியிருந்தது. சௌம்யா ஜன்னலோரம் நின்றாள். வசந்தி அப்போதுதான் வெளியிலிருந்து வந்து, காலி டிபன் கேரியரைக் கீழே வைத்தாள்.

"அம்மா தினமும் ஆஸ்பத்திரிக்குப் போறாங்க," என்றாள் சௌம்யா தாழ்ந்த குரலில். "ஃபெலிக்ஸோட வொய்ஃப் தங்கம் ஐ.சி.யு. வாசல்லயே இருக்காங்க. அவங்களுக்குச் சாப்பாடு."

தண்டபாணிக்கு இந்த விசாரிப்பு பிடிக்கவில்லை.

"எதுக்கு சார் திரும்பத் திரும்ப? நான்தான் ஓட்டினேன். சைக்கிள் குறுக்க வந்துச்சு. சடன் ப்ரேக் போட்டேன், அதுக்குள்ள இடிச்சிடுச்சு. அப்புறம் பின்னால வேன்காரன் வந்து மோதினான். எழுதிக் குடுத்துட்டேன். ஆறு மணிக்கு போலீஸ் வரட்டும்."

"க்ளிப்பை எப்ப கழட்டினீங்க சார்?" என்றாள் ஜுலைகா.

"என்னது?"

ரகுநாதன் ஓட்டைகளைப் பற்றிச் சொன்னார். இல்லாத ஹெட்ரெஸ்ட்டைப் பற்றியும், பிளாஸ்டிக் உறையில் பதிந்த பற்களைப் பற்றியும். சொல்லச் சொல்ல வசந்தி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். தண்டபாணி நாற்காலியின் கையைப் பிடித்து எழப் பார்த்தார், கழுத்து விடவில்லை.

"சரி, தெரிஞ்சுபோச்சு இல்ல?" என்றார் அவர். "தெரிஞ்சது உங்களோட இருக்கட்டும். அவ வாழ்க்கையில ஸ்டேஷன் படி ஏறினதில்ல. தெரியாம இடிச்சிட்டா. அதுக்கு நான் போறேன். உங்களுக்கு என்ன நஷ்டம்?"

வசந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா," என்றார் ரகுநாதன், "அன்னிக்கு ரசம் எங்கே கொட்டுச்சு?"

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். வசந்தி மெதுவாகக் கையை எடுத்தாள்.

"இவரு மேலதான். மடியில வெச்சிட்டிருந்தாரு. சட்டை, பனியன், மூஞ்சி எல்லாம் ரசம். எத்தனை தடவை துவைச்சாலும் அந்த மஞ்சள் போகல."

"முன்னால, டாஷ்போர்டு மேல?"

"இல்லையே."

"ஒரு சொட்டு?"

வசந்தி யோசித்தாள். "இல்ல சார். எல்லாம் இவரு மேலதான்."

ரகுநாதன் வசந்தியிடம் தன் சட்டையிலிருந்த டீக்கறையைக் காட்டினார். "நீங்க சடன் ப்ரேக் போட்டிருந்தா, அந்த ரசம் எகிறிப் போய் டாஷ்போர்டுல கொட்டியிருக்கணும். அப்புறம் வேன் வந்து மோதறப்ப தூக்கு காலி. மடியில இருந்த ரசம் மொத்தமும் உங்க வீட்டுக்காரர் நெஞ்சுக்கு வந்திருக்குன்னா, முதல் குலுக்கல் பின்னாலேர்ந்துதான். அது வர்ற வரைக்கும் யாரும் சடன் ப்ரேக் போடல, கார் எதையும் இடிக்கல. என் கணக்குப்படி கார் நின்னுட்டு இருந்திருக்கு. அடிச்ச அடியில உங்க தலை பின்னால போய் க்ளிப் உறையைக் கடிச்சிருக்கு, கால் ப்ரேக்கை விட்டு நழுவியிருக்கு, கார் பாய்ஞ்சு போய் சைக்கிள்ல விழுந்திருக்கு. இடிச்சது நீங்க இல்லம்மா. வேன்காரன் உங்க காரை எடுத்து ஃபெலிக்ஸை இடிச்சிருக்கான்."

சௌம்யா அழ ஆரம்பித்தாள். தண்டபாணி நாற்காலியோடு திரும்பினார்.

"என்ன சார் சொல்றீங்க? ப்ரேக் போட்டதை..."

"நீங்க பார்த்தீங்களா? தூங்கிட்டு இருந்தீங்க. ராத்திரி முழுக்க முழிச்சிருந்த மனுஷன்."

தண்டபாணி கண்களைத் தேய்த்துக்கொண்டார்.

"நான் நிறுத்தினேன்னுதான் எனக்கு ஞாபகம்," என்றாள் வசந்தி. அவளுக்கு அது தன் குரல்தானா என்றே சந்தேகம் போலிருந்தது. "சைக்கிள்ல வந்த அந்தத் தம்பி கையைக் காட்டினாரு. போங்கன்னு நானும் கையைக் காட்டினேன். சிரிச்சாரு. அப்புறம் ஒரே சத்தம். இவரு கண்ணைத் திறந்ததும் 'அடிப்பாவி, இடிச்சிட்டியே'ன்னாரு. இறங்கு, இந்தப் பக்கம் வா, எதுவும் பேசாதேன்னாரு. ரயில் பெட்டியோட ப்ரேக்கையே ரிப்பேர் பண்ணவரு, இவருக்குத் தெரியாதா? என் காலுதான் தப்பா அமுக்கியிருக்கும்னு நினைச்சுட்டேன். நினைச்சு நினைச்சு, அமுக்கின மாதிரியே ஞாபகமும் வந்துடுச்சு. அந்த தங்கம் என் கையால வாங்கிச் சாப்பிடறப்ப எல்லாம் உள்ளுக்குள்ள செத்துட்டு இருந்தேன் சார்."

ஜுலைகாவின் போன் அடித்தது. அவள் வாசலுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். வந்தபோது முகத்தில் கிண்டல் எதுவும் இல்லை.

"வே-பிரிட்ஜ் மேனேஜர் சார். பதிவு அழியல. கார் நிக்குது, சைக்கிள் குறுக்க போகுது, அப்புறம்தான் வேன் வருதுன்னாரு. ஸ்டேஷனுக்கு அனுப்பச் சொல்லிட்டேன்."

ரகுநாதன் கண்ணை மூடிக்கொண்டார். ஜெயித்த சந்தோஷம் வருமென்று ஒரு கணம் காத்துப் பார்த்தார், தூக்கம்தான் வந்தது. தண்டபாணி பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளாமல் இருந்திருந்தால் போலீஸே அன்றைக்கே கேமராவைத் தேடியிருக்கும். வேன் டிரைவர் தப்பிக்க ஒரு பொய்யைச் சொல்ல, இந்த மனிதர் அதற்குச் சாட்சிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

"வசந்தி," என்றார் தண்டபாணி. கண்கள் கலங்கியிருந்தன. "உனக்காகத்தானே நான்..."

"தெரியும்," என்றாள் அவள். "எனக்காக ஜெயிலுக்குப் போகக்கூட துணிஞ்சீங்க. என்னடி நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்கணும்னு மட்டும் தோணல."

அவருக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. நாற்காலியைத் திருப்பினார். அதற்குள் அவள் உள்ளே போயிருந்தாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அவள் கையில் டிரைவிங் லைசன்ஸ் இருந்தது.

"ஸ்டேஷனுக்குப் போலாமாம்மா?" என்றாள் சௌம்யா.

"முதல்ல ஆஸ்பத்திரி. நான் யாருன்னு தங்கத்துகிட்ட சொல்லணும். அவ திட்டினா திட்டட்டும், கேட்டுக்கிட்டு ஸ்டேஷனுக்கு வரேன்." வசந்தி செருப்பை மாட்டினாள்.

"நானும் வரேன்," என்றார் தண்டபாணி. "நான் சொன்னாதான் எஸ்.ஐ. கேட்பாரு. அவர்கிட்ட என்ன சொல்லணுமோ அதை நான்..."

"உங்களுக்குத் தெரிஞ்சதை மட்டும் சொல்லுங்க," என்றாள் வசந்தி. "இப்பவே போன் பண்ணி, தூங்கிட்டிருந்தேன்னு சொல்லுங்க."

அவள் படியிறங்கிப் போனாள். தண்டபாணி வாசல் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, குனிந்து பார்க்க முடியாமல் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, எஸ்.ஐ.யின் நம்பரைத் தேட ஆரம்பித்தார்.